பழைய நாற்காலிக்குப் புது வாழ்வு



தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே நம் வீடுகளில் ஒரு பேச்சு கிளம்பிவிடும். "இந்த வருஷமாவது அந்தப் பழைய அலமாரியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசாக ஒன்று வாங்க வேண்டும்" என்பார் அம்மா. பிள்ளைகள் ஆமாம் போடுவார்கள். அப்பா வாய் திறக்காமல் மனத்துக்குள் கணக்குப் போடுவார். அடுத்த வாரம் பழைய சாமான் வாங்குகிறவரின் லோரி வாசலில் வந்து நிற்கும். தாத்தா காலத்து அலமாரி பத்து வெள்ளிக்கோ இருபது வெள்ளிக்கோ ஏறிப் போய்விடும். அது நின்ற இடத்தில் பளபளப்பான புது அலமாரி ஒன்று தவணை முறையில் வந்து உட்காரும்.

இரண்டு மூன்று தீபாவளி கழித்து அதே வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். புது அலமாரியின் அடிப்பலகை தண்ணீர் பட்டு உப்பியிருக்கும். கதவு ஒரு பக்கம் தொங்கும். சில வீடுகளில் தவணை இன்னும் முடிந்திருக்காது. ஐம்பது வருஷம் உழைத்த அலமாரியைக் கொடுத்து, ஐந்து வருஷம் தாங்காத அலமாரியைக் கடனுக்கு வாங்கியிருக்கிறோம்!

புதுப் பொருளே வாங்கக்கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. பழையதை லோரியில் ஏற்றுவதற்கு முன் அது என்ன மரம், என்ன குறை, சரி செய்ய என்ன செலவாகும் என்று ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள் என்பதே என் வேண்டுகோள். அந்த ஒரு நாள் உங்கள் வீட்டுக்கு இரண்டு வருஷத் தவணையை மிச்சப்படுத்தலாம்.

உம்பாய்ச் சாலையின் இரண்டு திசைகள்

ஜாசின் மாவட்டத்து உம்பாயைச் சுட்ட மீனுக்காகத் தெரியாதவர் இல்லை. அந்தச் சாலையோரம் நின்றுகொண்டு இரு பக்கமும் பார்த்தால் நம் விஷயத்துக்கு வேண்டிய பாடம் அங்கேயே கிடைக்கிறது.

ஒரு பக்கம் போனால் மலாக்கா நகரம். அங்கே ஜோங்கர் தெரு என்று பேர்பெற்ற ஜாலான் ஹங் ஜெபாட்டில் பழம்பொருள் கடைகள் உண்டு. பழைய மரப் பெட்டி, பித்தளைக் கைப்பிடி போட்ட அலமாரி, பளிங்குக்கல் பதித்த வட்ட மேசை, கோப்பிக் கடை நாற்காலி எல்லாம் துடைத்து மெருகேற்றி வைக்கப்பட்டிருக்கும். அவற்றின் விலைச்சீட்டைப் பார்த்தால் மயக்கம் வரும். லோரிக்காரரிடம் நாம் பத்து வெள்ளிக்குக் கொடுக்கும் பொருள்களின் உடன்பிறப்புகள்தாம் அவை. இடையில் நடந்தது இரண்டே காரியம். ஒருவர் அது நல்ல மரம் என்று அடையாளம் கண்டார். இன்னொருவர் சில நாள் உழைத்து அழுக்கைப் போக்கினார்.

மறுபக்கம் போனால் செர்க்காம், மெர்லிமாவ், அதைத் தாண்டி ஜொகூர் மாநிலத்து மூவார். மெர்லிமாவில் டெமாங் அப்துல் கனி என்பவரின் வீடு இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட மலாய் மரவீடு அது. பூவேலைப்பாடு கொண்ட வண்ணப் பீங்கான் ஓடுகள் பதித்த அதன் படிக்கட்டைப் பார்க்கவே ஆட்கள் வந்தார்கள். மரம் என்றால் மக்கிப் போகும் என்று எண்ணுகிறோம் அல்லவா? கூரை ஒழுகாமல், கால்கள் ஈரத்தில் நிற்காமல் பார்த்துக்கொண்டால் மரம் தலைமுறைகளைத் தாண்டி நிற்கும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி உண்டு.

மூவாரோ நம் நாட்டின் தளவாடத் தொழிலுக்குப் பேர்போன ஊர். அங்கே செய்யப்படும் மேசை நாற்காலிகள் கடல் கடந்து போகின்றன. அவற்றில் பெரும்பகுதி எந்த மரத்தில் செய்யப்படுகிறது தெரியுமா? நம் மக்கள் விடியற்காலையில் நெற்றி விளக்கோடு வெட்டினார்களே, அந்த ரப்பர் மரத்தில்தான்!

விறகு நாற்காலியான கதை

இந்தக் கதையின் தொடக்கமும் மலாக்காவில்தான். 1896-இல் டான் சே யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் வாணிபத்துக்காக ரப்பர் பயிரிட்டார். மலாயாவில் அந்த வகையில் முதல் முயற்சி அதுவே. அடுத்து புக்கிட் ஆசாஹானில் பெரிய அளவில் தோட்டம் எழுந்தது. நம் பாட்டன் பூட்டன்மார் கப்பலேறி வந்ததற்கு இந்த மரம்தான் காரணம்.

ரப்பர் மரம் இருபத்தைந்து, முப்பது வருஷம் பால் கொடுக்கும். பிறகு அதை வெட்டிவிட்டு மறு நடவு செய்வார்கள். வெட்டிய மரத்தை அந்தக் காலத்தில் யாரும் மதிக்கவில்லை. புகைக்கூண்டில் ரப்பர் சீட்டு உலர்த்தவும், செங்கல் சூளைக்கும், நம் அடுப்புக்கும் விறகாயிற்று. மிச்சத்தைக் காட்டிலேயே கொளுத்தினார்கள். காரணம் உண்டு. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம். வெட்டிய சில நாளிலேயே நீலக்கறை பூசணம் பிடிக்கும். பொடிவண்டு புகுந்து உள்ளே மாவாக்கிவிடும்.

அறுத்த பலகையை உடனடியாக போரோன் மருந்தில் ஊறவைத்து, சூளையில் உலர்த்தினால் இந்த இரண்டு தொல்லையும் இல்லை என்று தெரிந்த பின் நிலைமை மாறியது. கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சி நிலையத்தின் பணிக்கும் இதில் பங்குண்டு. 1980-களில் ரப்பர் மரத் தளவாடம் ஒரு பெருந்தொழிலாகவே வளர்ந்துவிட்டது. மரம் மாறவில்லை, அதைப் பார்த்த பார்வை மாறியது, பக்குவப்படுத்தும் முறை தெரிந்தது. விறகு ஏற்றுமதிப் பொருளாயிற்று. நம் வீட்டுப் பின்கட்டில் கிடக்கும் பழைய சாமானுக்கும் இதே நீதிதான்.

எது தங்கம், எது தவிடு?

ஆராயாமல் எறிவதும் தவறு, ஆராயாமல் காப்பதும் தவறு. முதலில் பொருளை வெளிச்சத்துக்குக் கொண்டு வாருங்கள். முன்பக்கத்தைப் பார்க்காதீர்கள், அங்கே சாயம் பேசும். கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கம், முதுகுப்பக்கம், இழுப்பறையின் உள்பக்கம் (பேச்சில் 'லாச்சி' என்போமே, அது) ஆகியவற்றைப் பாருங்கள். உண்மை மரம் அங்கே தெரியும்.

பொன்னிறமாக, தொட்டால் சற்று எண்ணெய்ப் பசை தட்டுவதாக, தனி மணத்தோடு இருந்தால் அது தேக்காக இருக்கலாம். தூக்க முடியாத கனத்தோடு, ஆணி இறங்க மறுத்தால் செங்ஙால் போன்ற வன்மரமாக இருக்கலாம். செம்பழுப்பாக இருந்து, நனைத்த துணியால் துடைத்தால் காவி நிறச் சாறு இறங்கினால் மெர்பாவ் என்று எண்ண இடமுண்டு. லேசாக, இளஞ்சிவப்பாக இருப்பது பெரும்பாலும் மெராந்தி. இவை எல்லாமே காப்பாற்றத் தக்கவை. பெரிய தேக்கோ செங்ஙாலோ கொண்டு இன்று ஒரு அலமாரி செய்யச் சொன்னால் நம் கைக்கு எட்டும் விலையில் கிடைக்காது.

ஓரத்தில் மரநார் ஓடாமல், மாவு போன்ற துகள்களை அழுத்தி வைத்தது போல் தெரிந்தால் அது தூள்பலகை. மரத்தூளையும் பசையையும் சேர்த்து அழுத்திச் செய்தது. உலர்ந்த இடத்தில் அதுவும் உழைக்கும். ஆனால் நம் பெண்கள் வாளித் தண்ணீர் ஊற்றித் தரை கழுவுகிறவர்கள். தண்ணீரைக் குடித்து ஒரு தடவை உப்பினால் அந்தப் பலகை மறுபடி பழைய நிலைக்குத் திரும்பாது. அதைச் செப்பனிட உழைப்பைச் செலவழிக்க வேண்டாம்.

அடுத்தது பூச்சி. மூன்று விதமான அடையாளத்தை மனத்தில் வையுங்கள். சிறு துளையும், அதன் கீழே குழந்தைப் பவுடர் போன்ற மென்மையான தூளும் இருந்தால் பொடிவண்டு. கசகசா போன்ற சிறு மணிகள் குவிந்திருந்தால் உலர்மரக் கறையான். மண்ணால் கட்டிய குழாய் தரையிலிருந்து ஏறியிருந்தால் நிலக் கறையான். தூளைத் துடைத்துவிட்டு இரண்டு வாரம் கழித்துப் பாருங்கள். புதுத்தூள் இல்லையென்றால் பூச்சி போயிருக்கலாம். புதுத்தூள் இருந்தால் உள்ளே இன்னும் வேலை நடக்கிறது. சாயம் இல்லாத வெறும் மரத்தில் போரோன் மருந்தைப் பூசினால் உள்ளே இறங்கும். சாயத்தின் மேல் பூசினால் பயனில்லை. சுண்டினால் மண்பானை போல் வெற்றொலி கேட்கிறதா? கத்தி முனை வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்குகிறதா? அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்து வேறு துண்டு பொருத்தச் சொல்லுங்கள். முழுவதும் அப்படி என்றால் மற்றச் சாமான்களுக்குப் பரவும் முன் அப்புறப்படுத்துங்கள்.

இழுப்பறையைக் காலி செய்யுமுன்

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பழைய அலமாரியை விற்பவர்கள் மரத்தோடு வேறொன்றையும் சேர்த்து விற்றுவிடுகிறார்கள். அதுதான் காகிதம். நம் பாட்டிமார் பிறப்புப் பத்திரத்தையும், பழைய அடையாள அட்டையையும், சேமநிதிக் கடிதத்தையும், பள்ளிச் சான்றிதழையும் சேலை மடிப்பிலும் இழுப்பறையில் விரித்த தாளின் அடியிலும் வைத்தவர்கள். நம் சமூகத்தில் ஒரு பழைய பத்திரம் இல்லாத காரணத்தால் குடியுரிமைக்கு அலைந்தவர்களும், இன்னும் அலைகிறவர்களும் உண்டு. ஆகவே ஒவ்வோர் இழுப்பறையையும் முழுவதும் வெளியே இழுத்து, பின்னால் விழுந்து கிடப்பதையும் பாருங்கள்.

இரும்பு டிரங்குப் பெட்டிக்கும் இது பொருந்தும். ரஜூலா போன்ற கப்பல்களில் வந்திறங்கிய பெட்டிகள் சில வீடுகளில் இன்னும் கட்டிலுக்கடியில் கிடக்கின்றன. மூடியில் பெயரோ, ஊரோ, தாலுக்காவோ எழுதியிருந்தால் அதன் மேல் சாயம் அடித்துவிடாதீர்கள். உங்கள் குடும்பம் எந்த ஊரிலிருந்து வந்தது என்பதற்கு அந்த நாலு எழுத்து ஒன்றே சான்றாக இருக்கக்கூடும். எழுத்தை விட்டு, மற்ற இடத்தில் மண்ணெண்ணெய் தொட்ட இரும்பு நாரால் துருவைத் தேய்த்துத் துடைத்து, உலர்ந்ததும் துருத்தடுப்புச் சாயம் ஒரு பூச்சு கொடுங்கள். அதற்கு முன் பெட்டியைப் படம் எடுத்து வையுங்கள்.

செப்பனிடும் முறை

ஆசாரி வேலை தெரியாதே என்று தயங்க வேண்டாம். பால் வெட்டத் தெரிந்த கைக்கு இது பெரிய காரியமல்ல. பட்டையில் எவ்வளவு ஆழம் போகலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்று அறிந்த கை அது. மரத்துக்குத் தேவை அந்த நிதானம்தான்.

ஒன்று: கழுவுதல். இளஞ்சூட்டு நீரில் கொஞ்சம் சோப்பு கலந்து, துணியை நன்றாகப் பிழிந்து துடையுங்கள். குழாயடியில் வைத்து ஊற்றிக் கழுவக்கூடாது. நிழலில், காற்றோட்டத்தில் இரண்டு மூன்று நாள் உலரட்டும். சுடுவெயிலில் வைத்தால் பலகை வளையும். பாதிக்குப் பாதிப் பொருள்களுக்குக் கழுவிய பிறகு வேறு வேலையே இருக்காது.

இரண்டு: ஆட்டத்தை நிறுத்துதல். நாற்காலி ஆடினால் உடனே ஆணி அடிக்கிறோம். அது தப்பு. ஆணி மரத்தைப் பிளக்கும். துருப்பிடித்துத் துளையைப் பெரிதாக்கும். ஆடும் பொருத்தை மெல்லப் பிரித்து, பழைய பசையைச் சுரண்டி எடுத்து, மரப் பசை தடவி மறுபடி பொருத்துங்கள். இறுக்கிப் பிடிக்கக் கருவி வேண்டாம். பழைய சைக்கிள் டியூப்பை நீளமாக வெட்டி, நாற்காலிக் கால்களைச் சுற்றி இழுத்துக் கட்டுங்கள். ரப்பர் தன் வேலையைச் செய்யும்! ஒரு நாள் முழுக்க அசைக்காதீர்கள்.

மூன்று: தேய்த்தல். உப்புத்தாள் வேண்டும், கடையில் 'கெர்த்தாஸ் பாசிர்' என்று கேட்டால் தருவார்கள். முதலில் சற்று முரடு, பிறகு நடுத்தரம், கடைசியில் மென்மை. எப்போதும் மரநார் ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் கீறல் விழுந்து, மெருகேற்றிய பிறகு பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். செதுக்கு வேலையோ பித்தளைப் பதிப்போ உள்ள பழம்பொருளைத் தேய்க்கவே வேண்டாம், துடைத்தால் போதும். காலம் கொடுத்த நிறத்தைச் சுரண்டிவிட்டால் அதன் மதிப்பும் சேர்ந்து போய்விடும்.

இங்கே தாய்மார்களுக்கு ஓர் எச்சரிக்கை. பழங்காலத்து எண்ணெய்ச் சாயங்களில் ஈயம் கலந்திருப்பதுண்டு. அந்தத் தூள் சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பழைய சாயத்தை உலர்வாகத் தேய்க்காதீர்கள், நெருப்பில் சுட்டு உரிக்காதீர்கள். தண்ணீர் தொட்டு ஈரமாகத் தேய்த்து, கூழைத் துணியில் வழித்துக் கட்டி அப்புறப்படுத்துங்கள். மூக்குக் கவசம் அணியுங்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்தப் பக்கம் வரவேண்டாம்.

நான்கு: மெருகேற்றுதல். தேன்மெழுகு ஒரு பங்கு, டர்பன்டைன் மூன்று பங்கு. மெழுகுக் கிண்ணத்தைச் சுடுதண்ணீரில் வைத்து உருக்குங்கள். அடுப்பை அணைத்து, கிண்ணத்தை வெளியே கொண்டுபோன பிறகே டர்பன்டைனைக் கலக்க வேண்டும். அது தீப்பற்றும் பொருள். ஆறியதும் குழம்பாகும். மெல்லிய துணியால் தடவி, அரைமணி நேரம் விட்டு, வேறு துணியால் அழுத்தித் தேய்த்தால் மரம் உள்ளிருந்து ஒளிவிடும். சுடுகோப்பி வைக்கும் மேசைக்கு மெழுகு போதாது. அதற்கு வார்னிஷ் பூசுங்கள். சிலர் தேங்காயெண்ணெய் தடவுகிறார்கள். அது உலராமல் பிசுபிசுத்து, தூசியைச் சேர்க்கும். ஆளிவிதை எண்ணெய் உலரும். ஆனால் அதைத் தொட்ட துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்துப் போடுங்கள்.

சில்லறை வைத்தியங்கள் சிலவும் உண்டு. இழுப்பறை இறுகிக்கொண்டால் ஓடும் ஓரத்தில் மெழுகுவத்தியைத் தேயுங்கள். பிரம்பு பின்னிய நாற்காலி குழிந்திருந்தால் கவிழ்த்து, அடிப்பக்கத்தில் வெந்நீர்த் துணியை வைத்து நனைத்து, அப்படியே உலர விடுங்கள். பிரம்பு அறுந்திருக்காவிட்டால் இழுத்துக்கொண்டு விறைப்பாகும். எறும்புக்காகக் கம்பிவலை அலமாரியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தும் வழக்கம் நம்மிடம் உண்டு. அந்தத் தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். டிங்கி காய்ச்சல் வரும். சுகாதார அதிகாரி வந்தால் அபராதமும் வரும். கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்தைப் போடுங்கள், அல்லது தண்ணீரை அடிக்கடி மாற்றிக் கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவுங்கள்.

நம் சாமானே அலங்காரம்

நகரத்துப் பெரிய கோப்பிக் கடைகளுக்குள் இப்போது போய்ப் பாருங்கள். பழைய பலகை மேசை, இரும்பு அரிக்கன் விளக்கு, பூப்போட்ட பீங்கான் தட்டு, சாயம் தேய்ந்த சன்னல் கதவு. நாட்டுப்புறப் பாணி என்று சொல்லிப் பணம் கொட்டி அமைக்கிறார்கள். அதெல்லாம் நம் பாட்டி வீட்டில் சும்மா கிடந்தவை! நமக்கு இருந்த வெட்கம் மற்றவர்களுக்கு அழகாகத் தெரிந்திருக்கிறது.

பால் மங்குகளைக் கழுவி, அடியில் துளையிட்டு, சாளரத்தில் வரிசையாகச் சிறு செடி வைக்கலாம். துளை இல்லாவிட்டால் அதுவும் கொசுவுக்கு வீடுதான். தாத்தாவின் பால்வெட்டுக் கத்தியை முனை மழுக்கி, துருநீக்கி, ஒரு பலகையில் பொருத்திச் சுவரில் மாட்டுங்கள். அருகில் அவர் பெயரையும், வேலை செய்த தோட்டத்தின் பெயரையும் எழுதி வையுங்கள். அம்மியும் உரலும் வாசலில் இருக்கட்டும். பாட்டியின் பழைய சேலைகளை அடுக்கித் தைத்தால் நாற்காலி மெத்தைக்கு உறையாகும். பிய்ந்த பட்டுக்கரை மேசை விரிப்புக்கு ஓரமாகும்.

பலசரக்குக் கடைகளில் கிடைக்கும் மரச்சட்டங்களைக் கொண்டு இளைஞர்கள் பெஞ்சு, அலமாரி செய்கிறார்கள். நல்ல வேலைதான். ஆனால் சட்டத்தில் சூடுபோட்ட முத்திரையைப் பாருங்கள். 'எச்.டி.' என்றிருந்தால் வெப்பத்தால் பக்குவப்படுத்தியது, பயன்படுத்தலாம். 'எம்.பி.' என்றிருந்தால் நச்சுப் புகை பிடித்தது, வீட்டுக்குள் வேண்டாம்.

அதைவிட முக்கியம்: மருந்துக் கலன்கள். தோட்டத்தில் களைக்கொல்லி வந்த பிளாஸ்டிக் கலனைக் கழுவித் தண்ணீர் பிடிப்பதும், பாதியாக வெட்டிக் கீரை போடுவதும் நாம் பார்த்த காட்சிகள். பாராகுவாட் 2020-ஆம் ஆண்டு தொடக்கத்தில் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. ஆனால் பழைய கலன்கள் பின்கட்டுகளில் இன்னும் கிடக்கக்கூடும். எத்தனை முறை கழுவினாலும் அதை வீட்டுச் சாமானாக்காதீர்கள். அதேபோல் பழைய கட்டடத்து அஸ்பெஸ்டாஸ் கூரைத் தகட்டை அறுக்கவோ துளைக்கவோ கூடாது. அந்தத் தூசி நுரையீரலில் தங்கிப் பல வருஷம் கழித்து உயிரை வாங்கும்.

சுவருக்கும் ஒரு பாடம்

மலாக்காவின் ஜாலான் துன் டான் செங் லோக்கில் 8-ஆம் எண் வீடு ஒன்று உண்டு. பழைய பெயர் ஹீரன் தெரு. 18-ஆம் நூற்றாண்டு வீடு. பாடான் வாரிசான் மலேசியா என்னும் அமைப்பு அதை இடித்துப் புதிதாக்காமல், பழைய முறையிலேயே செப்பனிட்டு மாதிரி வீடாக்கியது. மலாக்கா நகரம் 2008-இல் ஜார்ஜ் டவுனோடு சேர்ந்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது என்றால், இப்படி நின்ற வீடுகளும் அதற்கு ஒரு காரணம்.

பழஞ்சுவர் சுண்ணாம்புச் சுவர். மண்ணிலிருந்து ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்பு வெளியே விட்டுவிடும். அதன் மேல் சிமெண்டு பூசினாலோ பளபளக்கும் எண்ணெய்ச் சாயம் அடித்தாலோ ஈரம் உள்ளேயே அடைபட்டு, உப்புப் பூத்து, பூச்சு உதிரும். நம் பெரியவர்கள் தீபாவளிக்குத் தீபாவளி வெள்ளையடித்தது அழகுக்கு மட்டுமல்ல, சுவர் மூச்சுவிடவும்தான்.

தமிழகத்துச் செட்டிநாட்டு வீடுகளின் கதை நமக்கு நெருக்கமானது. பர்மாவிலும் மலாயாவிலும் ஈட்டிய பொருளால், பர்மாத் தேக்குத் தூண்களோடும், கண்ணாடி போல் வழவழக்கும் சுண்ணாம்புப் பூச்சோடும் எழுந்தவை அவை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வருமானம் குறைந்தது. பிள்ளைகள் நகரங்களுக்குப் போனார்கள். பல வீடுகள் பூட்டிக் கிடந்தன. சிலவற்றைப் பிரித்து விற்றார்கள். தூண் ஒரு ஊருக்கும் கதவு ஒரு ஊருக்கும் போயின. காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் அவற்றை இன்றும் காணலாம். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள்; செட்டிநாட்டு வீடும் அவற்றில் ஒன்று. மாளிகைக்கு நேர்ந்ததும் நம் லயன் வீட்டு அலமாரிக்கு நேர்வதும் ஒன்றுதான். சொந்தக்காரர் மதிக்காத பொருளை வாங்குகிறவர் மதிக்கிறார்.

இன்னும் தோட்ட வீடுகளில் இருக்கும் குடும்பங்கள் ஒன்றை மறந்துவிடக்கூடாது. அந்த வீடு வேலையோடு வந்தது. வேலை முடியும்போது சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியது. 1990-ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டப்படி (சட்டம் 446) அந்த வீட்டைப் பழுது பார்த்து நல்ல நிலையில் வைத்திருப்பது நிர்வாகத்தின் கடமை. ஒழுகும் கூரைக்கும் உளுத்த பலகைக்கும் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அனுமதியின்றி அறை நீட்டுவதோ சுவரை இடிப்பதோ வேண்டாம். கையிலிருக்கும் காசைத் தரை ஓட்டுக்கும் பொய்க்கூரைக்கும் கொட்டினால், அது உங்களோடு வராது. கட்டிலும் அலமாரியும் மேசையும் வரும். நாளை தாமான் வீட்டிலோ மாடி வீட்டிலோ குடியேறும்போது, உங்களோடு லோரியில் ஏறக்கூடியதற்கே உங்கள் உழைப்பைக் கொடுங்கள்.

கணக்கைப் பாருங்கள்

மாதம் 85 வெள்ளி வீதம் 24 மாதம் என்றால் 2,040 வெள்ளி. உப்புத்தாள், பசை, மெழுகு, புதுக் கீல், ஒரு பூட்டு எல்லாம் சேர்த்தாலும் பெரும்பாலும் ஒரு மாதத் தவணையைத் தாண்டாது. மிச்சமாகும் பணம் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு ஆகும். அதைவிடப் பெரிய இலாபம் ஒன்று இருக்கிறது. விடுமுறை நாளில் அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு நாற்காலியைத் தேய்த்தால், "இதில் யார் உட்காருவார்?" என்று பிள்ளை கேட்கும். தாத்தாவின் கதை அங்கே தொடங்கும். நான் வகுப்பில் பத்துப் பாடம் நடத்தினாலும் அந்த ஒரு பாடத்துக்கு ஈடாகாது.

ஆகவே, வாசகர்களே! இந்தத் தீபாவளிக்கு ஒரே ஒரு பொருளை மட்டும் தேர்ந்தெடுங்கள். பெரிய அலமாரியில் தொடங்க வேண்டாம். ஒரு முக்காலி போதும். கவிழ்த்துப் பாருங்கள், தட்டிப் பாருங்கள், கழுவிப் பாருங்கள். நல்ல மரம் என்று தெரிந்தால் லோரிக்காரருக்கு ஒரு கோப்பி கொடுத்து, "இந்த முறை ஒன்றுமில்லை அண்ணே" என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவையுங்கள்.